எம்டனின் பிறந்தகம்: கிடான்ஸ்கில் ஐந்து நாட்கள்

அக்டோபர் 2, 2024, புதன்

பெர்லினிலிருந்து வந்த ரயில் போலந்தின் கிடான்ஸ்க் நிலையத்தில் நின்றபோது வெளியே பெய்துகொண்டிருந்ததை மழை என்று சொல்வது சற்று மிகை. நம் ஊரில் அதற்குத் தூறல் என்ற பெயர்கூடக் கிடைக்காது. ஆனால் பால்டிக் கடலிலிருந்து வரும் காற்று அந்தத் துளிகளைப் படுக்கைவாட்டில் கொண்டுவந்து முகத்தில் அறைந்தது. சென்னையிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த என் குடை, விரித்த மூன்றாவது நிமிடத்தில் தலைகீழாக மலர்ந்து, மூன்று கம்பிகள் முறிந்து, நிலையத்து வாசலிலிருந்த குப்பைத்தொட்டியில் அடங்கியது. அருகில் நின்ற முதியவர் ஒருவர் தம் தலையிலிருந்த கம்பளிக் குல்லாயைத் தொட்டுக் காட்டி, இந்த ஊருக்கு இதுதான் சரி என்பதுபோலத் தலையசைத்துவிட்டுப் போனார். சிரிக்கவில்லை. இங்கே அறிமுகமில்லாதவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை என்பதையும், ஆனால் கேட்காமலேயே உதவுவார்கள் என்பதையும் அடுத்த நாட்களில் தெரிந்துகொண்டேன்.

உடன் வந்தவன் என் தங்கை மகன். பெர்லினில் முதுகலை படிக்கிறான். "பாரிஸ் போகலாம், பிராக் போகலாம்னு எல்லாரும் கேப்பாங்க. நீங்க ஏன் மாமா கிடான்ஸ்க்?" என்று ரயிலில் இரண்டு முறை கேட்டான். காரணத்தைச் சொன்னால் சிரிப்பான் என்று தள்ளிப்போட்டிருந்தேன்.

நான் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்த அலுவலகம் பாரிமுனைக்குப் பக்கத்தில் இருந்தது. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில், 1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் கப்பலின் குண்டு விழுந்த இடம் என்று சொல்லும் கல்வெட்டு ஒன்று உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடந்தே போவேன். அதற்கும் முன்பே அந்தப் பெயர் எனக்குப் பழக்கம். மண்ணடியில் எங்கள் பாட்டி, பால்காரரை ஏமாற்றி அரைப்படி கூடுதலாக வாங்கிவந்த என் சித்தப்பாவை "சரியான எம்டன்டா நீ" என்பார். வையும்போதும் அதே சொல், மெச்சும்போதும் அதே சொல். ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் தமிழில் சாமர்த்தியத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. மலையாளத்தில் 'எமண்டன்' என்றால் பிரம்மாண்டமானது என்று பொருள். அந்தச் சொல்லும் இந்தக் கப்பலிலிருந்தே வந்தது என்கிறார்கள்.

அந்தக் கப்பல் கட்டப்பட்ட ஊர் இதுதான். அன்று இதன் பெயர் டான்சிக். ஜெர்மன் பேரரசின் ஊர். இரவு சாப்பிடும்போது இதைச் சொன்னேன். எதிர்பார்த்தபடியே சிரித்தான். ஆனால் பிறகு கைப்பேசியை எடுத்து வரைபடத்தில் கப்பல் கட்டும் தளத்தைத் தேடத் தொடங்கினான்.

சாப்பிட்டது ஜுரெக் என்ற சூப். ரை என்ற தானியத்தின் மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துச் செய்கிறார்கள். முதல் கரண்டியிலேயே பழைய சோற்றுத் தண்ணீரின் புளிப்பு நாக்கில் ஏறியது. பாதி அவித்த முட்டையும் மிளகும் மிதந்தன. தொத்திறைச்சியை மருமகன் எடுத்துக்கொண்டான். ஒரு கிண்ணம் 26 ஸ்லோட்டி. ஒரு ஸ்லோட்டி ஏறத்தாழ 21 ரூபாய் என்று கணக்குப் போட்டபோது சூப்பு கொஞ்சம் கூடுதலாகவே புளித்தது.

அக்டோபர் 3, வியாழன்

காலையில் தவறான கப்பல்தளத்துக்குப் போனோம்.

இந்த ஊரில் கப்பல் கட்டும் இடங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன. அவற்றில் சில இன்றும் இயங்குகின்றன. டிராமில் ஏறி, வரைபடத்தில் கிரேன்கள் தெரிந்த இடத்தில் இறங்கி, நேராக ஒரு வாயிலுக்குள் நுழையப் பார்த்தோம். காவலர் கூண்டிலிருந்து இறங்கிவந்து கையை நீட்டித் தடுத்தார். போலிஷ் மொழியில் அவர் சொன்ன நீண்ட வாக்கியத்தில் எனக்குப் புரிந்தது ஒரு சொல்கூட இல்லை. மருமகன் கைப்பேசியின் மொழிபெயர்ப்பியை நீட்டினான். "பேரரசரின் தளம்" என்று அது என்ன சொல்லித் தொலைத்ததோ, அவர் முகம் தெளிந்து, "செசார்ஸ்கா!" என்றார். கூண்டைப் பூட்டிவிட்டு, எங்களோடு இருநூறு அடி தூரம் மழையில் நடந்துவந்து, எந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டும் என்று காட்டிவிட்டுத் திரும்பினார். நன்றி சொன்னதற்குத் தலையைக்கூட அசைக்கவில்லை.

ஸ்டோச்னியா செசார்ஸ்கா என்றால் பேரரசரின் கப்பல்தளம். ஜெர்மன் பேரரசர் போய் நூறாண்டுகளுக்கு மேலாகியும் மக்கள் வாயில் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரஷ்ய அரசரின் கடற்படைக்காகத் தொடங்கிய இடம் இது. 1871இல் ஜெர்மனி பேரரசானதும் தளமும் பேரரசருடையதானது. தனியார் முதலாளியின் லாபத்துக்காக அல்லாமல் கடற்படையின் தேவைக்காகவே நடந்த அரசுத் தளம். 1906இல் எம்டனுக்கு இங்கே ஏரா, அதாவது கப்பலின் முதுகெலும்பான அடித்தண்டு, போட்டார்கள். 1908 மே 26 அன்று நீரில் இறக்கினார்கள். எம்டன் நகரின் மேயர் லியோ ஃபியூர்பிரிங்கர் இங்கே வந்து தம் ஊரின் பெயரைக் கப்பலுக்குச் சூட்டினார். அடுத்த ஆண்டு ஜூலை 10 அன்று கடற்படையில் சேர்ந்தது. 1910 ஏப்ரலில் கீல் துறைமுகத்திலிருந்து கிழக்கே புறப்பட்ட கப்பல், சீனக் கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்தாவுக்குப் போனது. பிறகு ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை.

உள்ளே நாங்கள் பார்த்தது, ஒரு பாதி இடிந்து மறு பாதி புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் செங்கல் நகரம். வரிசையாகப் பட்டறைகள், உடைந்த சன்னல் கண்ணாடிகள், சுவர் முழுக்க ஓவியங்கள், தெருவில் பதிந்துகிடக்கும் பழைய தண்டவாளங்கள். ஒரு பக்கம் கப்பல் கண்டெய்னர்களை அடுக்கி உணவுக் கடைகளாக்கி இருக்கிறார்கள். மாலையில் இளைஞர் கூட்டம் வருமாம். நாங்கள் போன நேரத்தில் ஒரு பெண் நாற்காலிகளிலிருந்து மழைநீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவற்றுக்குப் பின்னால் பழைய கிரேன்கள். அவற்றில் ஒன்றில் பார்வையாளர்களை ஏறவிடுகிறார்கள் என்று படித்துவிட்டு ஆசையோடு வந்தோம். காற்று பலமாக இருந்ததால் அன்று படிக்கட்டைப் பூட்டியிருந்தார்கள். என் முழங்கால்கள் அந்தக் காற்றுக்கு நன்றி சொல்லின.

நீர்க்கரைக்கு நடந்தோம். இங்கே ஓடுவது விஸ்துலா ஆற்றின் பழைய கிளை. ஆறு வேறு வழியில் கடலில் கலக்கத் தொடங்கிய பிறகு ஓட்டம் குறைந்துபோன இந்தக் கிளையை 'மாண்ட விஸ்துலா' என்கிறார்கள். கரையை ஒட்டி நீரை நோக்கிச் சரிந்திறங்கும் தரைகள் இருக்கின்றன; புல் முளைத்த கான்கிரீட், நடுநடுவே துருப்பிடித்த இரும்பு. எம்டன் இறங்கிய சறுக்குமேடை இதில் எது என்று காட்டும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. அருகிலிருந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவரிடம் மருமகன் கேட்டான். "எம்டன்?" என்று இருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, அது ஜெர்மனியில் இருக்கும் ஊர், ரயிலில் போகலாம் என்று மொழிபெயர்ப்பி வழியாகப் பதில் சொன்னார்.

"எவ்ளோ பெரிய கப்பல் மாமா அது?" என்றான். 118 மீட்டர் நீளம், 13 மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம் என்றேன். உடனே ஒரு துருப்பிடித்த முளையின் அருகே என்னை நிறுத்திவிட்டு, நீரோரமாக எண்ணிக்கொண்டே நடந்தான். நூற்றைம்பத்தேழாவது காலடியில் நின்று கையைத் தூக்கினான். நான் எதிர்பார்த்ததைவிட அருகில் நின்றான். சென்னையைக் கிலி பிடிக்கவைத்து, வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஜனங்களைக் கிராமங்களுக்கு ஓடவைத்த கப்பல், எங்கள் தெருவின் பாதிக்கூட வராது. அன்றைய பெரிய போர்க்கப்பல்களின் பக்கத்தில் நிறுத்தினால் குஞ்சு. முழுச் சுமையோடு 4,200 டன்னுக்குச் சற்று மேல், 10.5 சென்டிமீட்டர் வாய் கொண்ட பீரங்கிகள் பத்து.

இயந்திர விஷயத்திலும் அது பழைய கட்சிதான். இதே வடிவத்தில் ஹாம்பர்க்கில் கட்டப்பட்ட அதன் உடன்பிறப்பான டிரெஸ்டனுக்கு அப்போது புதிதாக வந்த டர்பைன்களைப் பொருத்தினார்கள். டான்சிக்காரர்கள் எம்டனுக்கு வைத்தது, ஏறி இறங்கும் பிஸ்டன்களைக் கொண்ட பழைய நீராவி எஞ்சின். அந்த வகை எஞ்சினோடு கட்டப்பட்ட கடைசி ஜெர்மன் குரூசர் (வேகமாக ஓடும் நடுத்தரப் போர்க்கப்பல்) இதுவே. இதனால் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. மணிக்கு 24 கடல்மைல் வரை ஓடியது. வணிகக் கப்பல்களைத் துரத்திப் பிடிக்க அது தாராளம்.

மதியம் 'பால் பார்' என்று அழைக்கப்படும் மலிவு உணவகத்துக்குப் போனோம். கம்யூனிஸ்ட் காலத்தில் தொழிலாளிகளுக்காகப் பெருகியவை இவை. கல்லாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்கி, சன்னலில் கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை காத்திருந்து, சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். நான் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். பின்மேசைப் பாட்டி ஒருவர் என் கையைத் தட்டி, தட்டையும் சன்னலையும் மாறி மாறிக் காட்டினார். ரிசர்வ் வங்கி ஆளுநரே வந்தாலும் விட்டிருக்க மாட்டார். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியேரோகி, எட்டு உருப்படி, 18 ஸ்லோட்டி. பார்வைக்குச் சோமாசி, வாயில் போட்டால் கொழுக்கட்டை. மேலே பொன்னிறமாக வதக்கிய வெங்காயம். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்ட மிகச் சிறந்த உணவு அதுதான்.

அக்டோபர் 4, வெள்ளி

எம்டன் போன பிறகு இந்தத் தளத்துக்கு என்ன ஆயிற்று என்பதை இன்று பார்த்தோம்.

முதல் உலகப்போரில் ஜெர்மனி தோற்றதும் டான்சிக் யாருக்கும் சொந்தமில்லாத சுதந்திர நகரமானது. பேரரசரின் தளம் பிரிட்டன், பிரான்ஸ், போலந்து, டான்சிக் ஆகியோரின் பங்கில் ஒரு பன்னாட்டு நிறுவனமாயிற்று. பங்காளிகள் நால்வர் சேர்ந்து நடத்திய கடை எப்படி ஓடும் என்பது நமக்குத் தெரியாததல்ல. இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரின் நீர்மூழ்கிகள் இங்கே கட்டப்பட்டன. இந்த வேலையும் தளத்துக்குப் புதிதல்ல: எம்டன் இறங்கிய அதே 1908இல் ஜெர்மன் கடற்படையின் இரண்டாவது நீர்மூழ்கியும் இங்கிருந்துதான் இறங்கியது. 1945இல் நகரமே எரிந்து சாம்பலாகி, ஜெர்மானியர்கள் வெளியேறி, ஊரும் தளமும் போலந்தின் கைக்கு வந்தன. பக்கத்திலிருந்த இன்னொரு பெரிய தளத்தையும் இதோடு சேர்த்து கிடான்ஸ்க் கப்பல்தளம் ஆக்கினார்கள். பின்னாளில் அதற்கு லெனின் பெயரை வைத்தார்கள்.

உலகம் இந்தத் தளத்தை அறிந்தது அந்தப் பெயரில்தான். 1980 ஆகஸ்டில், ஓய்வு பெற ஐந்து மாதங்களே இருந்த அன்னா வாலென்டினோவிச் என்ற கிரேன் ஓட்டும் பெண்ணை வேலையை விட்டு நீக்கினார்கள். 14ஆம் தேதி தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். லேக் வலேன்சா என்ற மின்பணியாளர் தலைமைக்கு வந்தார். ஆகஸ்ட் 31 அன்று அரசு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது; சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்கம் பிறந்தது. இரண்டாம் எண் வாயிலுக்கு வெளியே, 1970 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளர்களுக்காக நிறுத்திய மூன்று சிலுவைகள் 42 மீட்டர் உயரத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நங்கூரம் அறையப்பட்டிருக்கிறது. அடியில் நனைந்த பூங்கொத்துகள் கிடந்தன. ஒரு தந்தை தம் சிறுமகளைத் தூக்கிப் பிடித்து, கல்லில் பொறித்திருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கவைத்துக்கொண்டிருந்தார். எழுத்துக் கூட்டி முடியும்வரை அவர் அவசரப்படுத்தவே இல்லை.

பக்கத்தில், துருப்பிடித்த கப்பல் உடலைப் போன்ற தகடுகளால் போர்த்திய பெரிய அருங்காட்சியகம். உள்ளே ஓர் அறையின் கூரை முழுவதும் தொழிலாளர்களின் மஞ்சள் தலைக்கவசங்கள். இருபத்தொரு கோரிக்கைகளை எழுதி வாயிலில் தொங்கவிட்ட ஒட்டுப்பலகைகளை யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. கையால் எழுதிய அந்த எழுத்துகள், இடம் போதாமல் வரிகளின் கடைசியில் நெருங்கி இடித்துக்கொள்கின்றன. நம் ஊர்ச் சுவரெழுத்துக்காரர்கள் கணக்குத் தவறிவிட்டால் கடைசி எழுத்தைச் சிறிதாக்குவார்களே, அதேதான்.

வெளியே வந்தபோது மருமகன் சொன்னான்: "இங்க கட்டினவங்க பேரு சுவரெல்லாம் இருக்கு மாமா. ஆனா எம்டனைக் கட்டினவங்க யாருன்னு உங்களுக்கே தெரியாதில்ல?" உண்மை. கேப்டன் கார்ல் ஃபான் முல்லரைத் தெரியும். பிடித்த கப்பல்களின் மாலுமிகளை உயிரோடு அனுப்பிவைத்த கனவான் என்று எதிரி நாட்டுப் பத்திரிகைகளே எழுதியதும் தெரியும். நாஞ்சில் நாட்டுப் பக்கம் போனால், செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்துதான் சென்னையைச் சுட்டார் என்று இன்றும் சொல்வார்கள். நானும் பள்ளிப் பருவத்தில் அதை நம்பிப் பேச்சுப்போட்டியில் முழங்கியவன். 1914 செப்டம்பரில் அவர் சூரிச்சில் இருந்தார் என்று பின்னால் படித்தபோது, வாங்கிய பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்போல் இருந்தது. பேர் தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் கப்பலில் இல்லவே இல்லை. அந்த 118 மீட்டரை ஆணி ஆணியாகச் சேர்த்தவர்களில் ஒருவர் பேரும் எனக்குத் தெரியாது.

அக்டோபர் 5, சனி

மழை நின்றது, குளிர் கூடியது. மோட்வாவா ஆற்றங்கரையில் கைக்குட்டை அகலக் கடைகளில் ஆம்பர் மணிமாலை விற்கிறார்கள். தங்கைக்கு ஒன்று வாங்கினேன். விலையை இங்கே எழுதினால் அவள் படிப்பாள்.

எதிர்க்கரையில் சோல்டெக் என்ற பழைய சரக்குக் கப்பல் அருங்காட்சியகமாக நிற்கிறது. போருக்குப் பிறகு போலந்தின் கைக்கு வந்த அந்தத் தளத்தில் கட்டி, 1948இல் நீரில் இறக்கிய முதல் கடற்கப்பல் இது. நீளம் 87 மீட்டர். நிலக்கரியும் இரும்புத்தாதும் சுமந்தது. தளத்தில் தகடுகளுக்குக் குறி போடும் வேலை பார்த்த ஸ்தனிஸ்வாவ் சோல்டெக் என்ற தொழிலாளியின் பெயரையே கப்பலுக்கு வைத்தார்கள். அவர் மனைவிதான் பெயர் சூட்டினார். ஒரு நகர மேயர் வந்து தம் ஊர்ப் பெயரைச் சூட்டிய அதே தளத்தில் இது நடந்தது.

நான் பார்க்க வந்தது அடித்தளத்திலிருந்த கொதிகலன் அறையை. செங்குத்தான இரும்பு ஏணியில் பின்பக்கமாக இறங்க வேண்டும். மருமகன் கீழே நின்று என் காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்தான். எண்ணெய் வாடையும் ஈர இரும்பின் வாடையும் கலந்து வந்தன. கொதிகலனின் வாய் என் இடுப்பு உயரத்தில் இருந்தது. வட்டமான வார்ப்பிரும்புக் கதவு, அதன் விளிம்பில் சூட்டில் நிறம் மாறிய ஒரு வளையம். கதவுக்கும் எனக்குப் பின்னாலிருந்த சுவருக்கும் இடையே ஓர் ஆள் மண்வெட்டியை வீசி இழுக்க மட்டுமே இடம். நான் வெறும் கையால் கரி வாரி எறிவதுபோல் செய்துபார்த்தேன். நான்காவது வீச்சில் முழங்கை பின்னால் இரும்பில் மோதியது. அந்தத் தழும்பு இதை எழுதும்போதும் இருக்கிறது.

இங்கே இரண்டு கொதிகலன்கள். எம்டனில் பன்னிரண்டு. அங்கும் கரிதான், அங்கும் மண்வெட்டிதான். அதுவும் பால்டிக் குளிரில் இல்லை, வங்கக் கடலின் செப்டம்பர்ப் புழுக்கத்தில். நாம் எம்டனின் தந்திரங்களைப் பேசுகிறோம்: மூன்று புகைபோக்கிகள் கொண்ட கப்பலுக்குப் பொய்யாக நான்காவதைக் கட்டி பிரிட்டிஷ் கப்பல்போல் வேடமிட்டதைச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் தனியாகச் சுற்றும் ஒரு குரூசருக்குப் பெரிய கவலை எதிரி இல்லை, கரி. ஜெர்மனிக்கு இந்துமாக்கடலில் கரி போட்டுக்கொள்ளத் துறைமுகமே கிடையாது. ஆகவே பிடித்த கப்பல்களிலிருந்து எடுத்தார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த பொன்டோபொரோஸ் என்ற கிரேக்கக் கப்பலில் கிடைத்தது இந்தியக் கரி. அது கரும்புகை கக்கும், அடுப்பை அடைக்கும், தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். இலங்கைக்கு மேற்கே பிடித்த புரெஸ்கில் பிரிட்டிஷ் கடற்படைக்கென்று வந்துகொண்டிருந்த முதல்தர வேல்ஸ் கரி 6,000 டன்னுக்கு மேல் இருந்தது. எதிரியின் கரியிலேயே எதிரியை வேட்டையாடினார்கள். நடுக்கடலில் இரண்டு கப்பல்களைப் பக்கம் பக்கமாகக் கட்டி, மூட்டை மூட்டையாக அதை மாற்றியவர்கள், முந்நூற்றுச் சொச்சம் மாலுமிகள்.

சென்னைக்கு அவர்கள் வந்த இரவில் துறைமுக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒன்பதரை மணி அளவில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தூரத்தில் நின்று தேடுவிளக்கைப் போட்டு, அரைமணி நேரத்துக்குள் 120க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டார்கள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். கரையிலிருந்து திருப்பிச் சுடத் தொடங்கியதும் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்கள். அந்த அரைமணியும் கீழே இருந்தவர்களுக்கு வெறும் சத்தம். வாரி எறிந்துகொண்டே இருந்திருப்பார்கள்.

மேலே ஏறி வந்ததும் மருமகன் டிக்கெட் மேசைப் பெண்மணியிடம் என் முழங்கையைக் காட்டினான். அவர் இழுப்பறையிலிருந்து ஒட்டுத்துணி எடுத்துத் தந்தார். இந்தியாவிலிருந்து வந்து கொதிகலன் அறையில் அடிபட்டவர் நான்தான் முதல் ஆள் என்றார். இந்த ஊரில் என்னிடம் யாரும் சொன்ன முதல் நகைச்சுவை அது.

அக்டோபர் 6, ஞாயிறு

கடைசி நாள். கடற்கொள்ளையர் கப்பல்போல் வேடமிட்ட சுற்றுலாப் படகில் ஏறி வெஸ்டர்பிளாட்டே வரை போய்வந்தோம். எம்டனைப் பார்க்க வந்தவனுக்குப் போலிப் பாய்மரக் கப்பல் கிடைத்தது பொருத்தம்தான். போகவர ஒருவருக்கு நூறு ஸ்லோட்டிக்குச் சற்றுக் குறைவு. கோடுபோட்ட பனியன் அணிந்த ஒருவர் அக்கார்டியன் வாசித்து மாலுமிப் பாட்டுகள் பாடினார். குளிருக்கு அஞ்சி எல்லோரும் கீழ்த்தளத்தில் இருந்ததால், அவர் எங்கள் இருவருக்காக மட்டுமே பாடும்படி ஆயிற்று. மூன்றாவது பாட்டுக்குப் பிறகு அவரும் தோள்களைக் குலுக்கிவிட்டுக் கீழே போனார்.

படகு மாண்ட விஸ்துலாவில் திரும்பியதும், மூன்று நாட்களுக்கு முன் நடந்த தளம் நீர்ப்பக்கத்திலிருந்து தெரிந்தது. எம்டன் முதன்முதலில் கடலுக்குப் போன வழி இதுதான். ஏறத்தாழ முக்கால் மணி நேரம், இரு கரையிலும் கிரேன்கள், கிடங்குகள், நிலக்கரிக் குவியல்கள்.

வெஸ்டர்பிளாட்டே, ஆறு கடலில் கலக்கும் முனையில் இருக்கும் மரம் அடர்ந்த திட்டு. 1939 ஆகஸ்ட் 25 அன்று ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் நட்புமுறை வருகை என்று சொல்லி எதிரே வந்து நின்றது. முதல் உலகப்போரின் தொடக்கத்தில் பால்டிக்கில் இழந்த மாக்டபர்க் என்ற குரூசரின் மாலுமிகள் இந்த ஊரில் புதைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கு அஞ்சலி செலுத்த வந்ததாகக் காரணம் சொன்னார்கள். செப்டம்பர் 1 விடியற்காலை, இந்தத் திட்டிலிருந்த போலிஷ் காவற்படைமீது சுட்டது. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் தொடங்கியது. இருநூறு பேர் அளவிலான படை ஏழு நாட்கள் தாக்குப்பிடித்தது. அந்தக் கப்பலும் எம்டனும் ஏறக்குறைய ஒரே வயது. கடற்படையில் சேர்ந்ததில் ஓராண்டே வித்தியாசம். ஒன்று பெரியது, கீல் நகரில் கட்டியது. முப்பதாண்டுக் கிழமாகி, பயிற்சிக் கப்பலாகப் பிழைத்துக்கிடந்ததை இழுத்துவந்து இந்த வேலைக்கு விட்டார்கள்.

எம்டனுக்கு அந்த வயது வாய்க்கவில்லை. பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யாவின் ஜெம்சுக் குரூசரை மூழ்கடித்த பன்னிரண்டாம் நாள், 1914 நவம்பர் 9 அன்று, கொக்கோஸ் தீவுகளில் தந்தி நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கியது. நிலையத்தார் அதற்குள் செய்தி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற குரூசர் வந்தது. ஆறு அங்குல பீரங்கிகள் கொண்ட அதன் முன் டான்சிக்கின் 10.5 சென்டிமீட்டர் எடுபடவில்லை. முல்லர் கப்பலை வட கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடலுக்குப் போய் ஐந்தாண்டு நான்கு மாதம்.

இடிந்த பாசறைக் கட்டடத்தின் முன் நின்றேன். மேல்தளம் கீழே சரிந்து, கான்கிரீட் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கின்றன. சென்னையில் விழுந்த குண்டுகளுக்கு ஒரு கல்வெட்டு போதுமாயிருந்தது; ஒரு சொல் மிஞ்சியது, அதையும் கொஞ்சிப் பேசுகிறோம். இந்தச் சுவரைப் பார்த்த பிறகு அந்தக் கொஞ்சல் எனக்குச் சற்றுக் கூசியது. இங்கே நின்றவர்கள் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனைச் செல்லப்பெயர் ஆக்க மாட்டார்கள்.

படகுத்துறையில் வாஃபிள் விற்றார்கள். க்ரீம் வைத்து 17 ஸ்லோட்டி. காற்று அந்த க்ரீமில் பாதியை மருமகனின் கோட்டில் அப்பியது.

திரும்பும் வழியில் தளத்தை நெருங்கும்போது தங்கை வீடியோவில் அழைத்தாள். சென்னையில் மணி இரவு எட்டைத் தாண்டியிருந்தது. பின்னால் குக்கர் கத்திக்கொண்டிருந்தது. "என்னண்ணா, எம்டனைப் பாத்தாச்சா?" என்றாள். மருமகன் கைப்பேசியைத் திருப்பி, சரிந்திறங்கும் கான்கிரீட்டையும் அதன்மேல் முளைத்த புல்லையும் காட்டினான். நீர் விளிம்பில் கடற்காக்கை ஒன்று உட்கார்ந்திருந்தது.

"வெறும் புல்லுல்ல இருக்கு?"

"ஆமா, அவ்ளோதான்" என்றேன்.

ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தவள், "சரி, அவனைக் காதுல ஏதாவது கட்டிக்கச் சொல்லு, காத்து இங்க வரைக்கும் கேக்குது" என்றாள். குல்லாயை எடுத்து அவனிடம் கொடுத்தேன். புதன்கிழமை மாலை நிலையத்து வாசல் கடையில் 40 ஸ்லோட்டிக்கு வாங்கியது.